சாமி படம் போட்ட டயர் உறை

ஜூன் 14, ஞாயிறு

காலையில் மழை. பத்து மணிக்கு மேல் வேகாத வெயில். தேக்கா கோயிலில் இவருடைய அக்கா மகள் கல்யாணம்.

சந்தன நிறப் பட்டு, கட்டுவது இரண்டாவது தடவை. கோயில் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தி, பின்கதவைத் திறந்து சீர்த்தட்டை எடுக்கப் போனேன். கதவில் மாட்டியிருக்கும் ஸ்பேர் டயர் இடுப்பில் உரசிவிட்டது. ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு. கிரீஸா, ரோட்டு அழுக்கா தெரியவில்லை. முகர்ந்து பார்த்தேன். சீ.

முகூர்த்தம் முடிகிறவரை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நின்றேன். எல்லாப் படத்திலும் வயிற்றுவலிக்காரி மாதிரி விழுந்திருப்பேன்.

இந்த ஊரில் எதற்கு ஜீப்? சேறு கிடையாது, மேடு கிடையாது. எல்லை தாண்டி ஜொகூரில் டுரியான் பழத் தோட்டத்துக்குப் போகலாம் என்று வாங்கினார். இரண்டு வருஷத்தில் போனது ஒரே தடவை. அந்தச் சேறு இன்னும் டயர் இடுக்கில் காய்ந்து கிடக்கிறது, ஞாபகார்த்தமாம்.

ஜூன் 16, செவ்வாய்

கிளினிக்கில் ஆறு பேருக்குப் பல் பிடுங்கல். கருவிகளைக் கழுவி, கொதிநீராவியில் வைத்து எடுப்பது என் வேலை. இருபது வருஷமாகப் பிறர் வாய் அழுக்கு. வீட்டுக்கு வந்தால் டயர் அழுக்கு.

சேலை போனது போனதுதான் என்று சலவைக் கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

டயருக்கு உறை போட வேண்டும் என்றேன். இவர் லிஃப்ட் மெக்கானிக், எதற்கும் ஒரு டெக்னிக்கல் பதில் வைத்திருப்பார். "டயருக்கு எதுக்கு சட்டை? மழைத் தண்ணி உள்ள தங்கும், ரிம் துருப்பிடிக்கும். ஜீப்புன்னா அப்படித்தான் இருக்கும் லா." உறை போடாத டயர்தான் அழகாம். குளிக்காத மனுஷன் அழகு என்று சொல்லாததுதான் பாக்கி.

ஜூன் 20, சனி

உறை வாங்கியாச்சு. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பிரிண்ட் கடை. ரெக்சினில் படம் அடித்துத் தருகிறார்கள். அங்கே மாட்டி வைத்திருந்தவை:
- மண்டை ஓடு
- பல்லைக் காட்டும் காண்டாமிருகம்
- பிகினி போட்ட பொம்பளை (குடும்பஸ்தன் ஒருத்தன் இதை வாங்குவான், அதுதான் கொடுமை)
- 'பின்னால் வராதே' என்று ஆங்கிலத்தில்

ஒன்றும் வேண்டாம். மயில்மேல் முருகன், கையில் வேல், அதை அடிக்கச் சொன்னேன். இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வண்டியின் பின்பக்கத்தில் சாமியா, புகைக்குழாய் பக்கத்திலா என்று கேட்டார். மண்டை ஓட்டுக்கு இது மேல் என்றேன்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் கீழே, முருகன் காலுக்கு நேராக, பித்தளை வளையம் வைத்து ஒரு ஓட்டை. பார்க்கவே என்னவோ போல் இருந்தது.

"அது தண்ணி வடியறதுக்கு, சாந்தி. விட்டுடு."

"சாமி காலுக்குக் கீழ ஓட்டையா? நீங்க சும்மா இருங்க."

கறுப்பு ரெக்சின் துண்டு ஒன்று வெட்டி, உள்ளே பசை தடவி, மேலே நெருக்கமாகத் தையல். டயரில் மாட்டிப் பார்த்தால் ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை. கை சுத்தம் என்றால் இது.

ஜூன் 29, திங்கள்

நாலு நாளாக விடியற்காலை மழை. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மஞ்சள் எச்சரிக்கைப் பேனர் கட்டிவிட்டார்கள். டெங்கி. தெம்பனிஸ் பேட்டையில் இந்தப் பக்கம் ஐந்தாறு பேருக்கு வந்திருக்கிறதாம்.

ஊர் சுத்தம் என்று பேர்தான். லிஃப்டில் எச்சில், படிக்கட்டில் கோப்பி வாங்கின பிளாஸ்டிக் பை, பாதி குடித்து மீதியோடு. இரண்டாவது மாடி நடைபாதையில் ஜமீலாக்காவின் தொட்டிகள், எண்ணினேன், பதினான்கு. பாண்டான் இலை, செராய்ப் புல், ஆளுயரக் கறிவேப்பிலை. ஒவ்வொன்றுக்கும் அடியில் தட்டு, தட்டு நிறையத் தண்ணீர். பதினொரு வருஷமாக அந்தக் கறிவேப்பிலையைத்தான் ஒடித்து எடுத்துக்கொண்டு வருகிறேன். கேட்கக்கூட வேண்டாம். அதற்காக விட்டுவிட முடியுமா?

ஒரு மூடித் தண்ணீர் போதும் கொசுவுக்கு என்று அவரிடம் நேரில் சொல்லிப் பார்த்தேன். தினமும் ஊற்றிவிடுவதாகச் சொன்னார். நம்பவில்லை. போட்டோ எடுத்து நகர நிர்வாக ஆப்பில் புகார் போட்டுவிட்டேன். பேர் போடவில்லை.

ஜூலை 4, சனி

ஜமீலாக்காவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. சோதனைக்கு ஆள் வருவதற்கு முன்னாடியே எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்பிவிட்டார். கறிவேப்பிலையை வேரோடு. நடைபாதை இப்போது பளிச்சென்று இருக்கிறது. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது, பொய் எதற்கு.

ஜூலை 9, வியாழன்

ஜமீலாக்கா வீட்டுக்காரர், பாய், ஆஸ்பத்திரியில். மூன்று நாளாகக் காய்ச்சல், டெங்கிதான். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது. எழுபத்தொரு வயது மனுஷர், ஏற்கெனவே இருதயத்தில் குழாய் வைத்தவர்.

வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஜமீலாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் செடிதான், சாந்தி. நீ அப்பவே சொன்னே. என் கையாலயே அவருக்கு இதக் கொடுத்துட்டேன்."

அழுதார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

காலையில் இவர் புளோக்குக்குக் கீழே, வழக்கமாக நிறுத்தும் இடத்திலேயே ஜீப் கழுவினார். நான் முருகனைத் துடைக்கத் துணியோடு போனேன். உறையின் அடிப்பக்கம் தொப்பை போட்டிருந்தது. அழுத்தினேன், தளும்பியது. பின்னால் எலாஸ்டிக்கைக் கழற்றினேன். கறுத்த தண்ணீர், அழுகின இலை, நாற்றம். தண்ணீருக்குள் புழு. சுருண்டு நிமிர்ந்து, சுருண்டு நிமிர்ந்து, நூற்றுக்கணக்கில். சில மேலே வந்து மூச்சு வாங்கின.

ஓடிப்போய்ச் சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் நேர் மேலே ஜமீலாக்காவின் சமையலறை ஜன்னல். இருபது அடி இருக்கும். பதினான்கு தொட்டியை எண்ணினவளுக்கு இது தெரியவில்லை.

இவர் தண்ணீரைக் காய்ந்த சிமெண்டில் கொட்டினார். அதுகள் துள்ளி அடங்கும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். நான் அன்றைக்கே சொன்னேன் என்று இவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூலை 14, செவ்வாய்

நல்ல செய்தி. பாய்க்குப் பிளேட்லெட் ஏறுகிறது. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

உறையை பிளீச் ஊற்றிக் கழுவினேன். முருகன் முகத்தில் பிளீச். கர்மம். குப்பையில் போட மனசு வரவில்லை, திரும்ப மாட்டவும் முடியாது. மடித்து அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன்.

ஜமீலாக்காவிடம் சொல்லப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். பேனர் கட்டும்போதே ஐந்தாறு பேருக்கு வந்திருந்ததே, எந்தக் கொசு கடித்தது என்று யார் கண்டா, சொல்லி என்ன ஆகப் போகிறது என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தைக் கேட்டு ஒரு நிமிஷம் எனக்கு மனசு ஜில்லென்று இருந்தது. அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. புழுவைவிட.

கிளினிக்கில் இன்று எந்தத் தட்டைக் கழுவினாலும் தண்ணீருக்குள் நெளிகிற மாதிரியே தெரிந்தது. ஒரே கருவியை மூன்று தடவை கழுவினேன்.

ஜூலை 16, வியாழன்

போனேன். சொல்லிவிட்டேன்.

பாய் சோபாவில் படுத்திருந்தார், பாதி ஆளாக. ஜமீலாக்கா டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். உறை, ஓட்டை, ஒட்டுப் போட்டது, புழு, ஜன்னல், எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் செடியாக இருக்காது அக்கா என்றேன்.

அவர் பாயைத் திரும்பிப் பார்த்தார். முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கினது போல் இருந்தது. ஒரு மூச்சு விட்டார். எனக்கும் இத்தோடு விட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் கேட்டார். "ஆப்புல போட்டோ போட்டது யாரு?"

அதற்கு நான் தயாராகப் போகவில்லை. டீயைப் பார்த்துக்கொண்டே, "நான்தான்கா" என்றேன்.

"சரி." அவ்வளவுதான். கோபமே இல்லை குரலில். "டீ ஆறுது. குடிச்சுட்டுப் போ, சாந்தி."

குடித்தேன். கிளம்பும்போது கதவு வரைக்கும் வந்தார். வழக்கமாக லிஃப்ட் வரைக்கும் வருவார்.

ஜூலை 18, சனி

விடியற்காலை மழை, இப்போது வெயில். ஜீப் பின்னால் டயர் வெறுமனே. நனைந்தது, அரை மணியில் காய்ந்துவிட்டது. பக்கத்தில் போனால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

பாசாருக்குப் போய் வந்தேன்:
- சின்ன வெங்காயம்
- புளி
- இவருக்கு ஷேவிங் பிளேடு
- கறிவேப்பிலை, பிளாஸ்டிக் பாக்கெட்டில். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. வாசனையே இல்லை.