வெட்டாமல் விட்ட துண்டு

அம்மா, உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் மாஸ்கோவிலிருந்து அனாராவின் சலாம். முட்டிவலி தேவலையா? நான் நலம். ரொட்டிக்கடையில் என்னை அடுப்புப் பக்கம் மாற்றிவிட்டார்கள், குளிர் தெரிவதில்லை.

உங்களிடம் விட்டுவந்த என் மகன் பெக்தூர் நடக்கத் தொடங்கியதற்கு நடத்திய கால்கட்டு வெட்டும் விழா வீடியோவைத் தம்பி எர்மெக் அனுப்பியிருந்தான். "அக்கா, வேண்டாததை எல்லாம் வெட்டிட்டு அனுப்பு" என்றான். கம்ப்யூட்டரில் போட்டு, அவன் விரல் மறைத்ததையும் மாமாவின் நீளப் பேச்சையும் வெட்டினேன். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த சிறுமி, பெக்தூரின் இரு கால்களையும் சேர்த்துக் கட்டியிருந்த கறுப்பு வெள்ளைக் கயிற்றை அறுத்ததும் பிள்ளை தத்தக்கா பித்தக்கா என்று நடந்தான். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பிறகு தம்பி கேமராவை அணைக்காமலே மேஜையில் வைத்துவிட்டான். படத்தில் ரொட்டித் தட்டு மட்டும்; பேச்சுக் குரல் பதிவாகியிருக்கிறது. பக்கத்து வீட்டு புருல் கேட்கிறாள்: "அனாரா வந்து பிள்ளையக் கேட்டா என்ன சொல்லுவே?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். "எர்மெக் பொண்டாட்டிக்குப் பிள்ளை இல்லைன்னு அவளுக்கே கொடுத்தாச்சு. அவளைத்தான் அம்மான்னு கூப்பிடுறான். அனாராகிட்ட மூச்சு விடாதே, வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவா."

பிள்ளை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது நம் வழக்கம்தான். பெற்றவளைக் கேட்டுக் கொடுப்பதும் வழக்கம்தானே அம்மா?

அந்தத் துண்டை வெட்டாமல் வீடியோவோடு அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் உட்கார்ந்து கேளுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இங்கே வரும் டிரைவரிடம் கம்பளிக் காலுறை கொடுத்துவிடுங்கள். கூடவே, அறுத்த அந்தக் கயிறு. அதையாவது வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

பெக்தூரின் அம்மா,
அனாரா