அத்தை என்று கூப்பிட்ட வீடு

ஏப்ரல் 20, 2025, ஞாயிறு

இன்று குழம்பில் எனக்கு இரண்டு முட்டை. வழக்கமாக ஆளுக்கு ஒன்றுதான். அத்தை தன் பங்கைத் தூக்கி என் தட்டில் வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "துன்னுடி, எலும்பா கீற" என்றாள்.

திருப்பத்தூர் குழந்தைகள் ஹோமில் இருந்த காலத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது இதுதான்: தட்டில் முட்டை கூடினால் மறுநாள் யாரோ பார்வையிட வருகிறார்கள். அது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் தணிந்த குரலில் பேசுகிறார்கள். மாமா வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறார். யார் வரப்போகிறார்கள்?

ஏப்ரல் 24

இவர்கள் பிள்ளை வெற்றிவேல் ஓசூரிலிருந்து வந்திருக்கிறான். திருவிழா இல்லை, பண்டிகை இல்லை, கம்பெனியில் கேட்டு லீவு வாங்கினானாம். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அத்தை என்னைப் பக்கத்து வீட்டு மங்கம்மாளிடம் கூட்டிப்போய் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வைத்தாள். பட்டுத் துணி. இன்னா விசேஷம் என்றால் "சும்மாதான்" என்கிறாள். சும்மா யாராவது பட்டு ஜாக்கெட் தைப்பார்களா?

மங்கம்மாள் டேப்பைப் பிடித்துக்கொண்டே, "இன்னா மருமவளே, உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைக்கிறேன். கண்ணாலத்துக்கு அப்புறம் பிரிச்சு வுட்டுக்கலாம்" என்றாள். அத்தை அவளை முறைத்தாள். ஆனால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

இந்த மருமகள் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கிறேன். அப்பா செத்து, அம்மா பெங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போய் திரும்பாமல் போனபின் என்னை ஹோமில் சேர்த்தார்கள். அங்கிருந்து வளர்ப்புப் பராமரிப்பு என்ற அரசுத் திட்டத்தில் மலைமேல் இருக்கிற புதூர்நாட்டுக்கு, இந்த வீட்டுக்கு. ஆறாம் வகுப்பு. வளர்க்கிறவர்களுக்கு நடத்திய வகுப்பில், "அம்மான்னு கூப்பிடச் சொல்லிப் பழக்காதீங்க, பெத்தவங்க என்னைக்காவது வரலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். சரி, அத்தை என்று கூப்பிடட்டும் என்று இவர்களே முடிவு செய்தார்கள். அத்தை என்றால் அவள் பிள்ளை எனக்கு முறைப்பையன் ஆகிறான் என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவனுக்கு அப்போது அரும்பு மீசை, எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இப்போது ஊருக்கே தோன்றுகிறது.

அவனை நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இந்தாங்க" என்று ஆரம்பிப்பேன், அவ்வளவுதான்.

மே 8

ரிசல்ட். கணக்கில் தொண்ணூற்றாறு.

அசோக்குமார் சார் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பத்தாம் வகுப்பிலிருந்து எனக்குக் கணக்கு எடுப்பவர் அவர்தான். "வேலூர்ல லேடீஸ் காலேஜ் இருக்கு, பி.எஸ்சி. மேத்ஸ் போட்டுடலாம், ஹாஸ்டலும் இருக்கு" என்றார். மாமா, "வேலூரா? அவ்ளோ தூரமா சார்?" என்றார். அத்தை உடனே, "போவட்டும், படிக்கட்டும்" என்றாள். ரொம்ப உடனே. முதலிலேயே பேசி வைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். இருந்தேன், கொஞ்ச நேரம்.

மே 15

என் சந்தேகம் சும்மா இல்லை.

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்து மேடம் வந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவர்கள்தான். எப்போதும் என்னிடம்தான் முதலில் பேசுவார்கள். இன்று அத்தையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பலாப்பழம் அறுத்த கத்தியைக் கழுவுகிற சாக்கில் ஜன்னல் பக்கம் நின்றேன்.

அத்தை: "ஆடி வர்றதுக்குள்ள கண்ணாலத்த முடிச்சாவணும் மேடம். அவகிட்ட எப்படி சொல்றதுன்னுதான் தெர்ல."

மேடம்: "இப்ப சொல்லாதீங்க. அடுத்த மாசம் அவளுக்குப் பதினெட்டு முடியுது இல்ல?"

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார்கள். கத்தியை இரண்டு தடவை கழுவினேன். என்னைக் கண்டதும் மேடம் சிரித்தார்கள். "அப்ளிகேஷன் போட்டாச்சா ஷோபனா?" போட்டாச்சு மேடம். போடவில்லை என்றால் உங்களுக்கு வசதியாக இருக்குமோ?

மே 16

மேடமுமா?

மே 23

சர்டிபிகேட் எல்லாவற்றையும் அசோக்குமார் சாரிடம் கொடுத்துவிட்டேன். "வீட்டுல எலி தொல்லை சார்" என்றேன். அவர் நம்பினாரா தெரியவில்லை, வாங்கிக்கொண்டார்.

எலி நான் சொன்ன பொய். ஆனால் போன வருஷம் என் சீனியர் அக்கா ஒருத்திக்கு நர்சிங் சீட் வந்தது. சர்டிபிகேட்டை அவள் அப்பா அரிசிக் குதிரில் ஒளித்து வைத்துவிட்டு, தாலி ஏறினபிறகுதான் எடுத்துக் கொடுத்தார். சொந்த அப்பாவே அப்படி. எனக்கு யார் இருக்கிறார்கள்?

இத்தனை வருஷம் சோறு போட்டு டியூஷனுக்கு அனுப்பி... அதெல்லாம் இதுக்குத்தானா? வெளியில பொண்ணு தேடினா ஆயிரம் பேசணும், அலையணும். நான்னா வூட்டுலயே கீறேன். கேக்க நாதியில்ல.

ஜூன் 5

வேலூரில் கவுன்சலிங். மாமா கூட வந்தார். சீட் கிடைத்துவிட்டது. நம்பவே முடியவில்லை, கையெழுத்துப் போடும்போது கூட பேனா வழுக்கியது.

ஹாஸ்டல் வார்டன் ஒரு கேள்வி கேட்டார். "பொங்கல், தீபாவளி, செமஸ்டர் லீவுக்கெல்லாம் ஹாஸ்டல் மூடிடுவோம். நீ எங்க போவ?" நான் அதை யோசித்ததே இல்லை. மாமா முந்திக்கொண்டு, "எங்க வூட்டுக்குத்தாங்க மேடம். வேற எங்க போவா?" என்றார்.

அப்படியென்றால் படிப்பை நிறுத்தப்போவதில்லை. தாலி கட்டி அனுப்பப் போகிறார்கள். லீவுக்கு லீவு மருமகள் வருவாள். நன்றாகத்தான் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

பஸ்ஸில் மாமா எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு தோளில் துண்டைப் போட்டபடி தூங்கிவிட்டார். கோபப்படக்கூட விடாத மனுஷன்.

ஜூன் 10

பதினெட்டு. பாயசம். வெற்றிவேல் போனில் வாழ்த்துச் சொன்னான். அத்தை என் தலையில் கைவைத்து என்னவோ சொல்ல வந்து சொல்லாமல் அடுப்படிக்குப் போனாள்.

நாளை மறுநாள் இங்கிருந்து போய்விடுவேன். திருப்பத்தூருக்கு ஆள் ஏற்றுகிற மணிவேல் அண்ணன் ஜீப், முதல் நடை.

ஜூன் 12

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஜீப் ஏறித் திருப்பத்தூர் போனேன். எங்கே என்று மணிவேல் அண்ணன் கேட்டதற்கு ஜெராக்ஸ் என்றேன். துணிப்பையோடு ஜெராக்ஸா என்று பார்த்தார். நேராக மேடத்தின் ஆபீஸ். "காலேஜ் திறக்கிற வரைக்கும் என்னை ஹோம்லயே வச்சுக்கோங்க மேடம். லீவுக்கும் அங்கயே வந்துடறேன். எனக்கு வெற்றிவேலைக் கட்டிக்க இஷ்டமில்ல" என்றேன்.

மேடம் போனை எடுத்து, "பாஞ்சாலி அம்மா, கொஞ்சம் கிளம்பி வாங்க" என்றார்கள்.

அத்தை அதே ஜீப்பின் அடுத்த நடையில் வந்தாள். தான் நடத்துகிற இட்லிக் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள், முழங்கை வரை மாவு. மேடம் விஷயத்தைச் சொன்னதும் அத்தை நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன்ன அவனுக்குக் கட்றேன்னு எவடி சொன்னா?"

"ஆடிக்குள்ள கண்ணாலம்னு நீதான் சொன்ன. என் காதால கேட்டேன்."

"கண்ணாலம் அவனுக்குதான்டி. நிவேதான்னு திருப்பத்தூர் பொண்ணு, ஓசூர்ல அவன்கூட வேலை செய்யுது. ரெண்டு வருசமா பழக்கம்."

பிறகுதான் சொன்னாள். பெண் வீட்டில் விசாரித்திருக்கிறார்கள். ஊரில் யாரோ, வீட்டிலேயே முறைப்பெண் ஒருத்தி வளர்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். "வயசு வந்த முறைப்பொண்ண வூட்டுல வச்சினு எங்க பொண்ண கேட்டா எப்படிங்க தர்றது? பதினெட்டு ஆச்சுன்னா அந்தப் பொண்ண ஹோம்லயே வுட்டுடுங்க. அப்புறம் பேசலாம்" என்றார்களாம்.

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? எம் பொண்ண எங்கியும் வுட மாட்டேன், உங்க பொண்ணு வந்தா வர்ட்டும், இல்லாட்டி போவட்டும்னு எழுந்து வந்துட்டேன். இத உங்கிட்ட எப்படிச் சொல்வேன்? கண்ணாலம் உன்னாலதான் நிக்குதுன்னு தெரிஞ்சா நீயே பைய தூக்கினு கிளம்பிடுவன்னு பயந்தேன். இப்ப சொல்லாமலே கிளம்பிட்ட."

மேடம் குனிந்துகொண்டார்கள். அட்மிஷன் முடிகிறவரை சொல்ல வேண்டாம் என்று சொன்னது அவர்கள்தானாம்.

"அப்ப பட்டு ஜாக்கெட்?"

"அவங்களுக்கு ஒரு வழி சொன்னேன். தாலில மொத முடிச்சு அவன் போடட்டும், அவன் தங்கச்சியா நாத்தனார் முடிச்சு எம் பொண்ணு போடுவா, ஊரு பாக்கட்டும், அப்புறம் எவன் முறை பேசறான்னு பாக்கறேன்னேன். போன வாரம்தான் சரின்னாங்க."

திரும்பி வரும்போது ஜீப்பில் பலாப்பழம் இறக்கிய காலிச் சாக்குகளுக்கு நடுவே இருவரும் ஒட்டி உட்கார்ந்து வந்தோம். என் சுடிதாரில் மாவு ஒட்டியிருந்தது.

ஜூன் 13

எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் முழுசாக நம்ப முடியவில்லை. இப்படியும் இருக்கலாமே: கல்யாணம் நடக்க ஒரு நாத்தனார் வேண்டும், நான் கைக்கு அகப்பட்டேன். முடிச்சுப் போட்டு முடிந்ததும்?

ஜூன் 15, ஞாயிறு

வெற்றிவேல் வந்திருந்தான். புளியமரத்தடியில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவனிடம் நேராகவே கேட்டேன். "என்னை ஹோம்ல விடச் சொன்னப்ப நீங்க இன்னா சொன்னீங்க?"

அவன் பைப்பை மூடினான். "மொதல்ல, வுட்டுடலாம்மான்னுதான் சொன்னேன். எப்படியும் ஹாஸ்டலுக்குத்தானே போவப் போறா, இன்னா இப்பன்னு. அம்மா என்கிட்ட பத்து நாளு பேசல. ஏப்ரல்ல நான் வந்தது அதுக்குத்தான், சமாதானம் பண்ண. உன் மூஞ்சியப் பாக்க முடியல."

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் இல்லை. ஏமாற்ற நினைக்கிறவன் இதைச் சொல்லியிருக்க மாட்டான். இந்த வீட்டில் என்னிடம் யாரும் இனிக்க இனிக்கப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஹோமில் பார்வையிட வந்தவர்கள் எல்லோரும் இனிக்க இனிக்கத்தான் பேசினார்கள்.

"ஜாக்கெட் எனக்கு கை டைட்டா இருக்கு" என்றேன். வேறென்ன சொல்வது?

"மங்கம்மா கிட்ட சொல்லு, பிரிச்சு வுடும்" என்றான்.

ஜூன் 27, வெள்ளி

கல்யாணம். மலையடிவாரத்தில் ஒரு மண்டபம். புதூர்நாட்டிலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள்.

கெட்டிமேளம் சொன்னதும் அவன் முதல் முடிச்சைப் போட்டான். அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். மணப்பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன். மஞ்சள் கயிறு ஈரமாக வழுக்கியது. அந்த நிவேதா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "நல்லா இறுக்கிப் போடு" என்று முணுமுணுத்தாள். எங்கள் வீட்டுக்கு ஏற்ற ஆள்தான்.

இரண்டு முடிச்சும் போட்டேன். நிமிர்ந்தால் எதிரே மங்கம்மாள். வாயில் வெற்றிலை, ஒரு வார்த்தை பேசவில்லை.

சாப்பிடும்போது வெற்றிவேலுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வேண்டியிருந்தது. "அண்ணா" என்றேன். அவன் திரும்பிப் பார்த்து, யாரைக் கூப்பிடுகிறேன் என்று பின்னாலும் பார்த்தான்.

ஜூலை 6

ஹாஸ்டல். பெட்டிக்குள் அத்தை சாமை முறுக்கு வைத்திருக்கிறாள். அறைத் தோழி அஜந்தா பிஸ்கட் கொடுத்தாள். எதற்குக் கொடுக்கிறாள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17

வீட்டுக்குப் போன் செய்தேன். பின்னால் நிவேதா அண்ணி, "அத்தே, பால் பொங்குது" என்று கூப்பிட்டது கேட்டது. லீவுக்கு வந்திருக்கிறார்கள்.

அந்த வார்த்தை இனிமேல் அவர்களுடையது, அதில் நியாயம் இருக்கிறது. நானும் அதையே சொன்னால் முடிச்சுப் போட்டது எதற்கு? அதனால் போனில் "நான்தான்" என்று ஆரம்பித்து, எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசி முடிக்கிறேன். அவளும் கேட்கவில்லை. "சாப்ட்டியா" என்பாள், நானும் "ம்" என்பேன்.

ஜனவரி 12, 2026

பொங்கல் லீவு, ஹாஸ்டல் மூடிவிட்டார்கள். திருப்பத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தபோது மணிவேல் அண்ணன் கரும்புக் கட்டை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஜெராக்ஸா?" என்று சிரித்தார். "அத்தை வூட்டுக்கா?"

"இல்லண்ணா. அம்மா வூட்டுக்கு."

அவர் பையை வாங்கி முன் சீட்டில் வைத்தார். இதை எழுதும்போது ஜீப் இன்னும் கிளம்பவில்லை, அவர் ஓரமாக நின்று யாருக்கோ போன் செய்துகொண்டிருக்கிறார். அடிக்கடி என்னைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். நான் சொன்னதைத்தான் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

சொல்லட்டும்.