ஆணியில் தொங்கும் கத்தரிக்கோல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போனில் பேசினால் குறுக்கே பேசுகிறேன் என்று கடிதம் எழுதச் சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

உன் சிநேகிதியின் விடுதிக்குத் திரைச்சீலை தைக்க ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிக் கப்பல் ஏறினாய். இது ஐந்தாவது மாதம். அது பன்னிரண்டு அறையா, பன்னிரண்டு அரண்மனையா? கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "என்ன மாஸ்டர், கழுத்து இப்பிடி இறுக்குது?" என்கிறார்கள். நான் சின்னக் கத்தரிக்கோலை வைத்து எப்படியோ ஒப்பேற்றுகிறேன். நீ ஆளைப் பார்த்தாலே வெட்டிவிடுவாய். அளவு நோட்டில் ஒரு வரியாவது எழுதி வைத்தாயா? எல்லாம் உன் தலைக்குள் இருக்கிறது, தலையோ தீவில் இருக்கிறது.

உன் கத்தரிக்கோல் ஆணியில் அப்படியே தொங்குகிறது. இருபதாம் தேதிக் கப்பலில் வந்து சேர்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. வரமாட்டேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

இப்போது மாலை ஐந்தரை. மழை விட்டு ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, காலைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர் மேல் போட்டிருக்கிறேன். ஆமாம், உன் அக்காதான். கீழே சமையல்காரரும் சலவைக்காரியும் சீட்டாடுகிறார்கள். அவர் கள்ளாட்டம் ஆடுவது இங்கிருந்தே தெரிகிறது. சொல்லமாட்டேன், அது என் வேலை இல்லை.

இந்த விடுதியில் ஒரு வழக்கம். ஐந்து அடித்ததும் சிநேகிதி எல்லா வேலை அறைகளையும் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்வாள். இரவு ஏழுக்குத்தான் திறப்பாள். முதல் வாரம் ஒரு தலையணை உறையை மடியில் ஒளித்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பிடித்துவிட்டாள். "ஏண்டி, சும்மா உக்காந்தா உன்னை யாரு அடிக்கப்போறா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா உட்காரப் பழக இரண்டு மாதம் ஆயிற்று.

அங்கே ஐந்து மணி எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. திரைக்குப் பின்னால் எப்போதும் டியூப்லைட்தான். "நொட்டாங்கையால வெட்டுறதைப் பாத்தா ஆள் வராது" என்று அப்பா போட்ட திரை. அப்பா போய்ப் பதினாறு வருஷம். அதைத் துவைத்துத் துவைத்து மாட்டியது நீதானே? இடுக்கு வழியாக ஆளைப் பார்த்து நான் வெட்டுவேன். வெளியே நீ, "நம்ம கட்டிங் எப்பிடி?" என்று மீசையைத் தடவுவாய். பலகையிலும் உன் பெயர்தான்.

கிளம்புகிற அன்று என் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து ஆணியில் மாட்டி, "இது இங்க இருந்தாத்தான் நீ திரும்பி வருவ" என்று சிரித்தாய். இங்கே வலதுகைக் கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டி என் கட்டைவிரல் காய்த்துப்போயிற்று. தையல் அறையை என்னிடமே விடுவதாகச் சிநேகிதி சொல்கிறாள். சரி என்றுவிட்டேன். கத்தரிக்கோலை அனுப்பு.

அக்கா

மார்ச் 29

அக்கா,

அனுப்ப மாட்டேன். உனக்கு மட்டும்தான் பிடிவாதமா?

உன்னால் என் மானம் கப்பலேறிவிட்டது. தலைமையாசிரியை அம்மா கோட்டுத் துணியோடு வந்தார். "போன தடவை மாதிரி சொதப்பாம, என் கண்ணு முன்னாடி வெட்டுங்க மாஸ்டர்" என்றார். கடையில் எட்டுப் பேர். கௌரவமாக ஆணியிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்துத் துணியில் வைத்தேன். வெட்டவில்லை. துணி அலகுக்குள் மடங்கி, மென்று துப்பியதுபோல் ஆகிவிட்டது. அந்த அம்மா அதை வாங்கி இடது கையில் மாட்டி, சரக்கென்று ஒரு முழம் வெட்டினார். "மாஸ்டர், இது நொட்டாங்கைக் கத்தரிக்கோல். நானும் நொட்டாங்கைதான். இத்தனை வருஷமா எனக்கு வெட்டுனது யாரு?"

டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று கடையை விட்டு இறங்கிவிட்டேன். நீ வந்து, இரண்டு பேரும்தான் வெட்டுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. அது போதும்.

தம்பி

ஏப்ரல் 8

தம்பி,

சிரித்ததில் தேநீர் புரையேறிவிட்டது. அந்த அம்மாவுக்கு என் வணக்கம்.

இரண்டு பேரும் வெட்டுகிறோமா? கூசாமல் எழுதியிருக்கிறாய். அந்தப் பொய்க்கு நான் கப்பல் ஏற வேண்டுமா? அவர் உன்னைத்தான் கேட்டார், நீயே பதில் சொல். சொல்லாவிட்டாலும் நான் வரப்போவதில்லை.

அக்கா

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். அந்த அம்மாவிடம் மட்டும் இல்லை, காது உள்ள எல்லோரிடமும். திரையைக் கழற்றிவிட்டேன். உன் மேஜை வெளியே தெரிகிறது. பாதிப் பேர் வருவதில்லை. மீதிப் பேரை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுகிறேன். வெட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன், இந்த ஐம்பத்திரண்டு வயதில்.

கத்தரிக்கோலை அனுப்புகிறேன். சும்மா சுற்றி அனுப்ப மனசு வரவில்லை. உனக்கு ஒரு சட்டை நானே வெட்டித் தைக்க உட்கார்ந்தேன். உன் அளவு எனக்குத் தெரியவில்லை அக்கா. ஊருக்கே அளவெடுத்த கடையில் உன்னை ஒருநாளும் யாரும் அளக்கவில்லை. கண்ணை மூடி நினைத்துப் பார்த்து வெட்டினேன்.

ஆணி காலியாக இருக்கிறது. பார்க்க என்னவோபோல் இருக்கிறது.

தம்பி

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

கத்தரிக்கோல் வந்தது. ஒரு விரிப்பை வெட்டிப் பார்த்தேன். கை சிரித்தது.

சட்டையில் இடது கைப்புறம் இறுக்கம், காலர் கோணல், தோள் ஒரு விரற்கடை கூடுதல் அகலம். இது நான் திரைக்குப் பின்னால் இருந்தபோது இருந்த உடம்புக்கு வெட்டியது. அதில் பாவம் கூன் விழுந்திருக்கிறது, முதுகுத் துணியை அதற்கென்றே தாராளமாக விட்டிருக்கிறாய். அவ்வளவு நன்றாக என்னைப் பார்த்திருக்கிறாய், எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

என் சரியான அளவைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நோட்டில் முதல் பக்கத்தில் ஏற்று. அடுத்த சட்டையை நீயே எடுத்துக்கொண்டு வா. ஐந்து மணிக்குமேல் வந்தால் உனக்கும் ஒரு நாற்காலி போடுவேன். நான் மட்டும் அங்கே வரமாட்டேன்.

ஐந்தே முக்கால் ஆகிறது. சட்டையைப் பிரித்துச் சரிசெய்யச் சிநேகிதி கேட்டாள், தரமாட்டேன் என்றுவிட்டேன். அதையே போட்டுக்கொண்டு, இறுக்கமான கையோடு, காலைச் சுவர் மேல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அக்கா,
தையல் மாஸ்டர்