மஞ்சள் நோட்டீஸுக்கு ஆன செலவு

ஏட்டி,

இன்று காலையில் ஒரு ரவிக்கைக்காகப் பழைய பேப்பரில் அளவு வெட்டிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் வளைத்து வரும்போது கத்தரி ஒரு கோர்ட்டு விளம்பரத்தின் மேல் போய் நின்றது. நாகலாபுரம் பக்கத்து ஆள் ஒருவர் தன் கடன்களைத் தீர்க்க வழியில்லை என்று சப் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறாராம். ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் ஆஜராகிச் சொல்லலாமாம். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். அந்தக் கட்டத்துக்கு என்ன விலை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். அப்படியும் வாயில் இருந்த கசப்புப் போகவில்லை.

நீ போன பிறகு உனக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். உட்கார்ந்தால் வசவாகத்தான் வரும் என்று விட்டுவிடுவேன். இன்றைக்கு வருகிறபடி வரட்டும்.

உன் ஜவுளிக்கடையின் முன்மூலையில் என் தையல் மிஷின் கிடந்த வருஷங்களை நினைத்துக்கொள்கிறேன். வாடகை என்று நீ கேட்டதே இல்லை. உன்னிடம் துணி எடுப்பவள் என்னிடம் தைக்கக் கொடுப்பாள், அதுதான் நம் ஒப்பந்தம். சனிக்கிழமை சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் போய் நிற்போம். கூலி வாங்கி வெளியே வருகிற பெண்களிடம் நீ சேலைத் தவணையும் தீபாவளிச் சீட்டும் வாங்குவாய். யாருடைய பாக்கியையும் நீ எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் கேட்டதற்குச் சொன்னாய்: "எழுதினா அவளுவ மொகம் சுருங்கிப் போவுதுட்டி. மனசுல வச்சிக்கிட்டா அவளுவளுக்கும் மரியாதை, எனக்கும் தாளு மிச்சம்." உன் ஞாபகத்தைப் பார்த்து எனக்குப் பயமாகக்கூட இருக்கும். எவள் மகள் எப்போது சடங்கானாள், எவளுக்கு எந்தத் தீபாவளிக்கு என்ன நிறத்தில் சேலை கொடுத்தாய் என்பதுவரை சொல்லுவாய்.

உன் வீட்டுக்கார அண்ணனுக்குக் கிட்னி பழுதாகி, வாரம் தவறாமல் மதுரைக்கு அலைய ஆரம்பித்ததும்தான் எல்லாம் சரிந்தது. முதலில் சரக்குப் பணத்தை எடுத்து ஆஸ்பத்திரியில் கட்டினாய். பிறகு தினமும் வந்து வசூலிக்கிற தண்டல். தண்டலை அடைக்கப் பைனான்ஸ். பைனான்ஸ் வட்டிக்கு இன்னொரு தண்டல். இதில் உன் தவறு எங்கே என்று நான் எத்தனையோ நாள் தேடிப் பார்த்திருக்கிறேன். புருஷன் பிழைக்க வேண்டும் என்று நினைத்ததைத் தவிர வேறு ஒன்றும் எனக்கு அகப்படவில்லை.

அந்தப் பைனான்ஸ் அண்ணாச்சி கத்துகிற ரகமில்லை. பெரிய மனுஷர். நெற்றி நிறையத் திருநீறு. சொந்தமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஆட்டோவில் கொண்டுவந்து உன் வாசலில் போட்டு உட்கார்ந்துகொள்வார். உள்ளே அண்ணன் முனகிக்கொண்டு படுத்திருப்பார். இவர் காபி கேட்பார். நீ கொண்டுவந்து கொடுப்பாய். ஒருநாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கம்மியா இருக்கேம்மா, என் துட்டுலதான் சீனி வாங்குதிய, கொஞ்சம் தாராளமாப் போடக் கூடாதா?" என்று சிரித்தார். நானும் அங்கேதான் நின்றேன். நீ உள்ளே போய்ச் சீனி டப்பாவை அப்படியே எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாய். அவர் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்தார்.

அந்த நேரத்தில்தான் வக்கீல் குமாஸ்தா வந்து சேர்ந்தான். வக்கீலைவிட நாம் அவனைத்தான் அதிகம் பார்த்தோம். "மஞ்ச நோட்டீஸ் குடுத்துருங்கக்கா. கடன் கட்ட வழியில்லன்னு கோர்ட்டுல ஐ.பி. போட்டாச்சுன்னா ஒருத்தன் உங்க வாசல்ல காலு வைக்க முடியாது" என்றான். உன் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி வந்தது. காசு மிச்சமாகும் என்றெல்லாம் நீ நினைக்கவில்லை. அந்த நாற்காலி போய்விடும், அண்ணன் நிம்மதியாகக் கண்ணை மூடுவார், அது போதும் உனக்கு.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும் என்றாய். "மத்தவனெல்லாம் வட்டி பாத்தவன்டி. இந்தச் சீட்டுத் துட்டு அப்படியில்ல. இவளுவ விரல் தேயக் குச்சி அடைச்ச துட்டு. அதக் குடுத்துட்டுதான் நோட்டீஸு." தாலிச் சங்கிலியை விற்றுவிட்டுத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாய். அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் வாசலுக்குப் போனோம். சீட்டை முடிக்கிறவள் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு பணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் நம் பக்கத்தில் சீட்டு முடிந்ததாகக் கணக்கு. வேறு ஊர்க்காரியாக இருந்தால் காதும் காதும் வைத்த மாதிரி வீடு வீடாகப் போய்க் கொடுத்திருப்பாள். நமக்குத் தட்டில்லாமல் கொடுக்கத் தெரியாதே. தட்டை நான் பிடித்துக்கொண்டேன். நீ ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தாய். தெருவே நின்று பார்த்தது.

குமாஸ்தாவிடம் நீ இதை மறைக்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, இந்த மாசமே போட்டுருவோம்" என்றான். அவனுக்கு என்ன அவசரம் என்று அப்போது நமக்குத் தெரியவில்லை.

பிறகு ஆரம்பித்தது செலவு. வக்கீல் பீஸ் ஒரு பக்கம். டைப் அடிக்க, ஜெராக்ஸ் எடுக்க. கடன்காரன் ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாக நோட்டீஸ், அதற்குத் தபால், அதைக் கொண்டுபோகிற ஆளுக்குப் படி. பேப்பர் விளம்பரம். வாய்தாவுக்கு வாய்தா, "பெஞ்சுல சில்லற கேக்காங்கக்கா" என்று அவன் நீட்டுகிற கை. கோர்ட்டுச் சிப்பந்திகள் கேட்டார்களோ இவன்தான் கேட்டானோ, யார் கண்டது? கடையில் மிஞ்சிக் கிடந்த நைட்டிகளில் இரண்டைத் தன் வீட்டுக்காரிக்கு என்று உருவிக்கொண்டான். அதற்குக் கை வைத்துத் தரச் சொல்லி என்னிடமே கொடுத்தான். கூலியும் தரவில்லை.

இவ்வளவுக்கும் பணம் ஏது? கழுகுமலை ரோட்டில் ஒரு புதுத் தண்டல்காரனிடம் வாங்கினாய். கடனைக் கட்ட முடியாது என்று சொல்வதற்கு ஒரு கடன்! அன்றைக்கு நீ குமாஸ்தாவிடம் கேட்டாயே ஒரு கேள்வி: "தம்பி, இந்த மனு போட வாங்குன கடனையும் மனுவுல சேக்கலாமா?" அவன் கொஞ்சம்கூடச் சிரிக்காமல் பதில் சொன்னான்: "சேக்கலாம்க்கா. அதுக்குத் தனியா திருத்த மனு போடணும். அதுக்கு ஒரு பீஸ் ஆவும்." வெளியே வந்ததும் நீ சிரித்த சிரிப்பில் கோர்ட்டு வாசலில் நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, இல்லாதவன்னு சொல்லதுக்கே இம்புட்டு ஆவுதே, இருக்கவனெல்லாம் எப்படிடி சமாளிக்கான்?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

வாய்தா நாட்களில் நாம் எங்கே உட்கார்ந்திருப்போம், நினைவிருக்கிறதா? தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதன் படியில். எலுமிச்சம்பழச் சோற்றை அங்கேதான் பிரித்துத் தின்போம். மேலே இலவச சட்ட உதவி என்று ஒரு போர்டு. ஒருநாள் நீ அதைக் காட்டிக் கேட்டாய். "அது அடிச்சிக்கிட்ட புருசன் பொண்டாட்டி கேசுக்குக்கா. உங்களுக்கு ஆவாது" என்றான் குமாஸ்தா. நாமும் சரி என்று சோற்றைத் தின்றோம்.

பைனான்ஸ் அண்ணாச்சியின் வக்கீல் அந்தத் தட்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். சங்கிலியை விற்ற பணம் எல்லாக் கடன்காரர்களுக்கும் பொது, அதைச் சிலருக்கு மட்டும் கொடுத்தது மோசடி என்றார். உன் வக்கீல் அன்றைக்குத்தான் நம்மிடம் நின்று பேசினார். "வாங்கினவங்க பேரைச் சொல்லிருங்கம்மா. கோர்ட்டு அவங்ககிட்ட இருந்து அந்தப் பணத்தைத் திருப்பி வாங்கி எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கும். உங்க மனுவும் நிக்கும்." நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அவளுவ வீட்டுக்கு ஜப்தி பண்ண அமீனா போவாரா ஐயா?" போகலாம் என்றார். வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அந்தத் துட்டு இந்நேரம் அரிசியாவும் பிள்ளைய பீசாவும் போயிருக்கும்லாட்டி. எங்கேருந்து எடுத்து வைப்பாளுவ?"

கூண்டில் ஏறினாய்.

"தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல பணம் குடுத்தீங்களா?" என்று கேட்டார் அந்த வக்கீல்.

"குடுத்தேன்."

"யார் யாருக்கு? பேரைச் சொல்லுங்க."

நீ தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, யோசிக்கிறவளைப் போல நின்றாய். "ஞாபகம் இல்ல ஐயா."

"நோட்டே இல்லாம இத்தனை வருஷம் கடை நடத்துனவங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

"கடையப் பூட்டுனதுலருந்து எதுவும் மனசுல நிக்க மாட்டேங்கு ஐயா."

உண்மையை மறைக்கிறாள் என்று எழுதி உன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஊருக்குப் போகிற பஸ்ஸுக்குக்கூடக் காசில்லாமல் நடந்தே வீட்டுக்குப் போனோம். முதல்நாள் பெய்த மழையில் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலை இழுத்தது. மறுநாள் காலையில் நாற்காலி வந்துவிட்டது. ஐப்பசி பிறக்கும்போது அண்ணன் இருந்தார், நீ இல்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தாயாம். துட்டி கேட்க வந்த பெண்களில் ஒருத்தி என் தோளில் சாய்ந்து அழுதாள். "எங்க துட்டயாவது குடுத்துட்டுப் போனாளே மகராசி" என்றாள். நீ கூண்டில் நின்றது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

உன் பதினாறாம் நாள் விசேஷத்துக்குக் குமாஸ்தா வந்தான். இலையில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டான். கையைக் கழுவிவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "அக்கா பீஸு கொஞ்சம் பாக்கி நிக்கி. அண்ணன்கிட்ட கேக்கச் சங்கடமா இருக்கு. நீங்க சொல்லுங்களேன்." அவன் பல்லிடுக்கில் இன்னும் பந்திச் சோறு இருந்தது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவனே நழுவிவிட்டான்.

வீட்டுப் பத்திரத்தின் அசல் வக்கீலிடம் இருந்தது. அதை வாங்கிவர அண்ணன் என்னைத்தான் அனுப்பினார். வக்கீல் வரத் தாமதமானதால் வழக்கம்போல அந்தப் படியில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண், அதுவும் வக்கீல்தான், எட்டிப் பார்த்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்ன விஷயம் என்று கேட்டது. சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்த பிள்ளை எழுந்து நின்றுவிட்டது. "பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இங்க வக்கீல் இலவசம்மா. எந்த கேஸா இருந்தாலும்" என்றது. மனுவுக்கு முன்னால் யாருக்காவது பணம் கொடுத்தீர்களா என்றுதான் முதலில் கேட்டிருப்பேன் என்றது. "நாலு மாசம் பொறுத்து மனு போடச் சொல்லியிருப்பேன். அதுக்கப்புறம் போட்டா அந்தப் பணத்தை யாரும் அசைக்க முடியாதும்மா. பேரு கேக்கற வேலையே வந்திருக்காது."

நான் அந்தப் படியைப் பார்த்தேன். எத்தனை நாள் அதன் மேல் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்த காசை எண்ணி எண்ணி அவன் கையில் வைத்தாய்! அவனுக்குத் தெரியும். தினமும் அந்தக் கதவைத் தாண்டிப் போகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா? நாலு மாசம் பொறுத்தால் நீ வேறு ஆளைப் பார்த்துப் போய்விடுவாயோ என்றுதான் அவசரப்படுத்தியிருக்கிறான். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவ அருவருப்பாகவே இருந்தது.

இப்போதெல்லாம் யாராவது மஞ்சள் நோட்டீஸ் என்று வாயெடுத்தால், மிஷினை நிறுத்திவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு போய் அந்த அறைக்குள் விட்டுவிட்டுத்தான் திரும்புகிறேன். குமாஸ்தா என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறான்.

போன வாரம் பைனான்ஸ் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். பேத்தி கல்யாணத்துக்குச் சட்டைத்துணி கொண்டுவந்திருந்தார். அளவெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போகிறபோக்கில் கேட்கிற மாதிரி கேட்டார். "அன்னைக்கு ஆபீஸ் வாசல்ல தட்டு புடிச்சது நீதானம்மா? யாரெல்லாம் வாங்குனாளுவ? கோர்ட்டெல்லாம் வேண்டாம், நானே போய்ப் பேசி வாங்கிக்கிடுதேன். என் துட்டுல்லா அது."

அந்தப் பெண்கள் அத்தனை பேருக்கும் நான்தான் ரவிக்கை தைக்கிறேன். அவர்கள் தோளளவும் கையளவும்கூட எனக்கு மனப்பாடம். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, யோசிக்கிறவளைப் போல நின்றேன்.

"ஞாபகம் இல்லையே அண்ணாச்சி" என்றேன்.

துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கதவைச் சாத்தினேன். அன்றைக்கு நீ கூப்பிட்ட வரிசையிலேயே ஒவ்வொரு பெயராக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை ஏட்டி.