இரண்டு கலயம் புளியங்கொட்டை

பாலத்தின் நடுவில் பஸ் நின்றுவிட்டது. சண்டைக்காலத்துக் கரிவாயு பஸ். டிரைவர் இறங்கிப் பின்பக்கம் போய் அடுப்பைக் கிளறினார். கூரைமேல் இருந்த கூடைகளிலிருந்து ஜன்னலோரம் தண்ணீர் சொட்டியது. ஈர வெற்றிலையின் வாடை. பரமத்தி வேலூர் வெற்றிலை. அந்த வாடையோடு நீ வந்தாய்.

கீழே எட்டிப் பார்த்தேன். பழைய துறை இன்னும் தெரிகிறது. கரைச்சரிவில் சக்கரங்கள் அறுத்த இரண்டு தடம். புல் முளைத்திருக்கிறது. தடம் மறையவில்லை.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. நீ அனுப்பிய கடிதங்களின் மேல் அலுவலகக் குறிப்பு எழுதியிருக்கிறேன். அது வேறு.

நீ ஜில்லா போர்டு ஓவர்சியர். நான் சென்னையில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்த எஸ்டிமேட் குமாஸ்தா. அம்மாபேட்டைத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து மட்டும் பார்த்தவன். என்னை நீ பேர் சொல்லிக் கூப்பிட்ட நினைவில்லை. 'பி.ஏ.' என்பாய். கோபம் வந்தால் 'ஏனுங்க பி.ஏ.'

திருமணிமுத்தாற்றின் இந்த இடத்துக்குப் பாலம் வேண்டுமா என்று பார்த்துவர இருவரையும் அனுப்பினார்கள். பாலத்துக்கு ஆகும் செலவு ஒரு பக்கம். அதனால் ஊருக்கு வரும் பயன் மறு பக்கம். பயன் மிஞ்சினால்தான் காகிதம் மேலே போகும். பயனை அளக்க, எத்தனை வண்டி துறையைக் கடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து எண்ணச் சொன்னார் இன்ஜினியர்.

முதல் நாள் பதினொன்று. இரண்டாம் நாள் நான்கு. மூன்றாம் நாள் ஒன்று. அதுவும் வெளியூர் உப்பு வண்டி. நான் கோடு போட்ட தாளில் அப்படியே எழுதினேன். பாலத்துக்கு இங்கே வேலையில்லை என்று முடிவும் எழுதத் தொடங்கினேன். நீ தாளைப் பார்க்கவில்லை. ஆற்றின் வளைவைப் பார்த்தாய். அங்கே ஆட்கள் தலைச்சுமையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மணலில் புதுச் சாணி கிடந்தது. எழுந்து ஊருக்குள் போனாய். வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாய்.

"நம்மளப் பாத்துட்டு டோல்கேட் போட வந்துட்டாங்கன்னு நெனச்சுட்டாங்கப்பா. எண்ணி முடிச்சதும் வண்டிக்கு இத்தனைன்னு வசூலாமா. ஊரே மேக்கால சுத்திப் போவுது."

அன்று சாயங்காலம் ஊருக்குப் போய் விளக்கினாய். வசூல் இல்லை, பாலத்துக்காகத்தான் என்றாய். அதுவும் தப்பாகப் போயிற்று. விடிந்ததிலிருந்து வண்டிகள். வெறும் வண்டிகள். ஒற்றைக் கொம்பு வெள்ளை மாடு ஒன்று ஆறு தடவை நம்மைக் கடந்தது. ஏழாவது தடவைக்குத் திருப்பும்போது அதை ஓட்டிவந்த கவுண்டர் மரியாதையாகக் கேட்டார்:

"ஏனுங்க, இன்னொருக்கா போயிட்டு வரட்டுங்களா? பாலம் கொஞ்சம் அகலமா வருமுங்களா?"

"போதுமுங்க மாமா. மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க."

கையில் இரண்டு தாள். ஒன்றில் ஊரே இல்லை. மற்றதில் ஊர் இரண்டு மடங்கு. சராசரி எடுத்துவிடலாம் என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

"ரெண்டு பொய்யக் கூட்டி ரெண்டால வகுத்தா நெசம் வந்துருமா, ஏனுங்க பி.ஏ.?"

அப்புறம் நீ மாரப்பனிடம் போனாய். துறையோரம் குடிசை. ஒரு சோடி எருமைக்கடா. மணலில் அழுந்திய வண்டிகளுக்கு அந்தச் சோடியை முன்னால் பூட்டிக் கரையேற்றுவதுதான் அவர் பிழைப்பு. நான்கு நாளும் நம்மைத் தூரத்தில் நின்று பார்த்தவர்.

அவரிடம் கேள்வி கேட்பதற்கு முன்பு நீ செய்ததை அன்று நான் முட்டாள்தனம் என்று நினைத்தேன்.

"நீங்க கணக்குச் சொன்னா பாலம் வருமுங்க. பாலம் வந்தா உங்க எருமைக்கு வேல இல்ல. தெரிஞ்சு சொல்லுங்க. சொல்லாட்டியும் ஒண்ணுமில்ல."

சாட்சியிடம் அப்படிப் பேசலாமா என்று உன் சட்டையை இழுத்தேன். அவருக்குத் தெரியாமல் கணக்கை வாங்கினால் அது களவு என்றாய். அவர் எருமையின் முதுகை வைக்கோலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்த்து முடித்தபின், "பொழுதெறங்க வாங்க" என்றார்.

போனோம். இரண்டு கலயங்களைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டிலும் புளியங்கொட்டை. ஒன்றில், கரையேறின வண்டிக்கு ஒரு கொட்டை. மற்றதில், வெள்ளம் பார்த்து அவர் திருப்பி அனுப்பிய வண்டிக்கு ஒரு கொட்டை. ஆடி நோம்பிக்கு இரண்டையும் அம்மன் முன்னால் கொட்டி, இத்தனை பேரைக் கரை சேர்த்தாய், இத்தனை பேரைத் தடுத்துக் காப்பாற்றினாய் என்று சொல்வது அவர் வழக்கம்.

"எங்களுக்கு ஏனுங்க நெசத்தச் சொல்றீங்க?" என்று கேட்டது நான்தான்.

"அம்மங்கிட்ட ஒண்ணச் சொல்லிப்போட்டு உங்ககிட்ட ஒண்ணு சொல்ல முடியுமுங்களா, சாமி?"

இரண்டாவது கலயம்தான் பெரியது. திரும்பிப் போன வண்டிகள். அவற்றில் வெற்றிலை. இரண்டு நாள் தாமதித்தால் கறுத்துப் போகிற சரக்கு. என் பாடப் புத்தகத்தில் கடந்தவர்களுக்கு இடம் இருந்தது. கடக்க முடியாதவர்களுக்கு இல்லை. நாம் இருவரும் மண்ணில் உட்கார்ந்து கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்தோம். எழுந்தபோது பாலத்துக்கு நியாயம் கிடைத்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

நாமக்கல் திரும்பித் தாளை எழுதும்போது சண்டை வந்தது. செலவுப் பக்கத்தில் கல், சுண்ணாம்பு, கூலி எல்லாம் எழுதி முடித்திருந்தேன். நீ பேனாவை வாங்கிக் கீழே ஒரு வரி சேர்த்தாய். 'துறைக்காரர் மாரப்பன், ஒரு சோடி எருமை, பிழைப்பு.'

இது செலவாகாது என்றேன். ஊருக்கு வரும் பயன் அவர் நட்டத்தைவிடப் பெரிது, அந்த மிச்சத்திலிருந்து அவருக்கு ஈடு கொடுத்தாலும் ஊருக்கு லாபம் நிற்கும், அப்படிக் கொடுக்க முடியும் என்பதே போதும் என்று படித்ததைச் சொன்னேன்.

"குடுக்க முடியும். செரி. குடுப்பீங்களா?"

"அது நம்ம வேலையில்ல."

"குடுக்க முடியுங்கறதத் தின்னு எருமைக்கு வயிறு ரொம்புமா?"

பேனாவை மூடி வைத்தேன். வரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்ஜினியர் சிரித்தார். சிவப்பு மையில் அதை மட்டும் அடித்தார். மற்றதெல்லாம் அப்படியே மேலே போயிற்று. தாள் திரும்பி வந்தபோது நீ அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய்.

"அடிச்சாலும் படிக்க முடியுதுல்ல?"

பாலம் எழும்பியது. கல்லும் மணலும் இழுக்க மாரப்பனின் எருமைகளையே வைத்துக்கொண்டாய். வேலை முடிந்த மாதமே முதல் மனு வந்தது. வெள்ளக் காலத்தில் பாலத்துக்குக் காவல் வேண்டும்; நீர்மட்டம் தெரிந்தவர் வேண்டும்; துறைக்காரரை நியமிக்கலாம். உன் கையெழுத்து. என் மேஜை. 'விதியில் இடமில்லை' என்று குறித்துத் திருப்பினேன். மறுபடி வந்தது. மறுபடி குறித்தேன். எந்த விதி என்று நான் தேடிக்கூடப் பார்க்கவில்லை. நேரில் பார்க்கும்போது நீ அதைப் பற்றிப் பேசமாட்டாய். காப்பி வாங்கித் தருவாய். மூன்றாவது மனுவைத் திருப்பவும் இல்லை, அனுப்பவும் இல்லை. தட்டிலேயே கிடந்தது.

நீ காவேரிக் கரை வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு வந்தாய். ஒன்பதே நாள்தான் இருந்தாய். உங்கள் வீட்டு வாசலில் உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தித்தான் சொல்லிக்கிட்டே இருப்பானுங்க. பி.ஏ. பாத்துக்குவான், பி.ஏ. பாத்துக்குவான்னு" என்றார். எதை என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் தட்டிலிருந்து மனுவை எடுத்தேன். விதிப் புத்தகத்தை முதல் முறையாகத் திறந்தேன். இடம் இருந்தது. பருவக் காவலர் என்று ஒரு தலைப்பு, சிறிய எழுத்தில். நானே கையில் எடுத்துக்கொண்டு போய் இன்ஜினியர் முன் நின்றேன். கையெழுத்து வாங்க ஐந்து நிமிஷம் ஆனது.

உத்தரவை எடுத்துக்கொண்டு துறைக்கு நானே வந்தேன். குடிசைக்குக் கூரை இல்லை. ஒற்றைக் கொம்பு மாட்டுக்காரர்தான் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தினார்.

"மாரப்பனுங்களா? எருமையச் சந்தையில வித்துப்போட்டு மேட்டூர்ப் பக்கம் அணை வேலைக்குப் போனானுங்க. ஆச்சு மூணு மாசம். போறப்பக்கூட ஓவர்சியர் எழுதிப் போட்டிருக்காரு, வந்துரும்னுதான் சொன்னானுங்க."

மூன்று மாசம். மனு என் தட்டில் கிடந்த காலம் அதைவிட நீளம். இதைக் கூட்டவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம்.

மேட்டூருக்கு இரண்டு முறை போனேன். அவ்வளவு கூலிக்காரர்களில் ஒரு மாரப்பன் அல்ல, எத்தனையோ மாரப்பன்கள். உத்தரவு என்னிடமே இருக்கிறது.

நீ இருந்தால் என்னைத் திட்டியிருக்க மாட்டாய். அதுதான் தாங்க முடியவில்லை. 'செரி, அடுத்ததப் பாரு' என்றிருப்பாய்.

பார்க்கிறேன். இப்போது வாழப்பாடிப் பக்கம் ஒரு சாலை. மடியில் அதன் தாள்கள். பயன் மிஞ்சுகிறது, நன்றாகவே மிஞ்சுகிறது. சாலை வரும் வழியில் ஒரு பெண்பிள்ளை தண்ணீர்ப் பந்தலோடு பலகாரக் கடை வைத்திருக்கிறாள். புதுச் சாலை அவளை விட்டு அரை மைல் தள்ளிப் போகும். எழுதுவதற்கு முன்னால் அவளிடம் போய்ச் சொன்னேன், நீ சொன்ன மாதிரியே, தெரிந்து சொல்லட்டும் என்று. பிறகு செலவுப் பக்கத்தின் கடைசியில் அவள் பேரை எழுதினேன். புதுச் சாலையோரம் அவளுக்கு ஓர் இடம் என்று தனி மனுவும் எழுதி, அதையும் தாளோடு கோத்துவிட்டேன். இன்று சேலத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பதில் வரும்வரை அந்த மேஜையை விட்டு நகரப் போவதில்லை.

சிவப்பு மை விழலாம். எனக்கு ஏழெட்டுத் தடவை விழுந்திருக்கிறது. இரண்டு தடவை விழவில்லை.

டிரைவர் ஏறிவிட்டார். பஸ் நகர்கிறது. உன் பழைய தாளும் இந்தக் காகிதக் கட்டுக்குள்தான் இருக்கிறது. சிவப்பு மை வெளுத்துவிட்டது. கோட்டுக்கு அடியில் மாரப்பன் பேரைப் படிக்க முடிகிறது.