மூன்றாக மடித்த துண்டு

ஜூன் 3, திங்கள்

பழச்சாறு நிறுவனத்து மேலாளரை நான் வெளியே அனுப்பிவிட்டதாக அலுவலகத்தில் ஒரு பேச்சு நடக்கிறது. தவறு. உட்காரச் சொன்னேன். தாளும் பேனாவும் கொடுத்தேன். "லேபிள்ல ஒரே ஒரு சின்ன மாற்றம்தான்" என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ஒரே ஒரு சின்ன மாற்றத்தை எழுதித் தரும்படி கேட்டேன். நான்கு வரி எழுதினார். இரண்டை அடித்தார். மிச்சம் இருந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று நான் காட்டியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்துகொண்டார். கதவைத் திறந்தது அவர்தான். மூடியதும் அவர்தான், கொஞ்சம் சத்தமாக.

இன்னொரு பேச்சும் உண்டு. கணவர் போன பிறகு எனக்குப் பொழுது போகவில்லையாம். அதனால் மருமகள் தன் ஆபீசில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறாளாம். அதுவும் தவறு. எனக்குப் பொழுது என்றைக்கும் போதாது. வேலையைப் பிரித்துக் கொடுத்து வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெண், போன மாதம் படிக்கட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்து, அழுதபடியே ராஜினாமாவும் எழுதிக் கொடுத்துவிட்டாள். "ரெண்டு மாசம் மட்டும் போன் எடுக்க வர்றீங்களா, அத்தை?" என்று மருமகள் கேட்டாள். நியமனக் கடிதம் கேட்டேன். சிரித்தாள். கொடுத்தாள். கோப்பில் இருக்கிறது.

மூன்றாம் மாடி. ஐந்து பேர். லேபிள், அட்டைப்பெட்டி, சுவரொட்டி என்று வரைந்து தள்ளுகிறார்கள். ஐந்து பேருக்கும் கண்ணுக்குக் கீழே ஒரே நிறம். யார் எதை எப்போது செய்கிறீர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் எல்லாத்தையும் செய்வோம், மேடம்" என்றான் வாசகம் எழுதுகிற பையன், பெருமையாக.

நாற்பத்திரண்டு ஆசிரியர்களுக்கு இருபத்தாறு வருடம் கால அட்டவணை போட்டவள் நான். எல்லாரும் எல்லாத்தையும் செய்வது ஏற்பாடு இல்லை. தீப்பிடித்த வீடு.

ஜூன் 4, செவ்வாய்

வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டேன். ஐந்து பேருக்கு ஐந்து வரிசை, நாளுக்கு எட்டு வேளை. ஒரு கட்டத்தில் ஒரு வேலைதான். ஒவ்வொருவருக்கும் தினமும் ஒரு கட்டம் காலி. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களைச் சாய்த்தது பாடம் அல்ல. காலி வேளையில் "அந்த வகுப்பைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று கேட்பவர்கள்தான். ஆகவே காலிக் கட்டங்களைச் சிவப்பில் சுற்றினேன். யாரும் தொடக்கூடாது.

"காலில என்ன செய்யணும், மேடம்?"

"ஒன்றும் செய்ய வேண்டாம்."

"எப்படி?"

அவனுக்கு அது உண்மையிலேயே தெரியவில்லை.

இன்னொரு விதி: எந்த மாற்றமும் வாய்வழி செல்லாது. மாற்றச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இது வாடிக்கையாளருக்கும் சரி, முதலாளிக்கும் சரி. மருமகள் தலையாட்டினாள்.

முதுகுக்குப் பின்னால் எனக்குப் 'பெரிய மிஸ்' என்று பெயராம். இதைவிட மோசமான பெயர்கள் எனக்கு இருந்திருக்கின்றன.

ஜூன் 5, புதன்

ஓவியம் வரைகிற பெண் தன் காலிக் கட்டத்தில் மேசைமேல் தலை வைத்து நாற்பது நிமிடம் தூங்கினாள். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

ஆறு மணிக்கு ஐவரும் கிளம்பிவிட்டார்கள். மருமகள் தன் அறைக் கதவருகே நின்று, "நிஜமாவே போயிட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஏதோ தொலைந்துபோனதுபோல.

வீட்டில் மகன் கேட்டான்: "ஏம்மா, லைனா நிக்க வெச்சுத்தான் லிஃப்ட்ல ஏத்துறியா?"

அது நல்ல யோசனைதான் என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

மருமகள் காலை ஏழு மணிக்கு நீச்சல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கல்யாணமான புதிதில் வாங்கிய அந்தப் பை இப்போதுதான் வெளிச்சம் பார்க்கிறது. என் அட்டவணையால்தான் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. வேறு எதனால் என்றும் தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

சாறுக்காரர் வந்தார். இந்த முறை சீட்டு எழுதிக்கொண்டே வந்துவிட்டார், நல்ல கையெழுத்து. திங்கட்கிழமை தருவதாகச் சொன்ன எட்டு லேபிளோடு இன்னும் மூன்று வேண்டுமாம். புதிய சுவைகள். அதே திங்கட்கிழமை.

பலகையைக் காட்டினேன். எட்டு திங்களன்று. மூன்று அடுத்த வெள்ளிக்கு.

"பெரியவங்க நீங்க. உங்களுக்கு இந்தத் தொழிலோட அவசரம் புரியாது. நான் முதலாளிகிட்டயே பேசிக்கிறேன்."

மருமகள் எனக்குப் பின்னால் வந்து நின்றது தெரியாது. "அத்தை சொன்னதுதான் சார்" என்றாள்.

அந்த நிமிடம் ஒரு அங்குலம் வளர்ந்தேன். இந்த வயதில் அது சாதாரணமில்லை.

ஜூன் 14, வெள்ளி

எட்டும் தயார். ஒருவரும் ஆறு மணியைத் தாண்டவில்லை. ஒருவரும் அழவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

நீச்சல். ஏழு மணிக்குப் போனவள் ஒரு மணிக்குத்தான் வந்தாள். ரொம்பத்தான் ஈடுபாடு. சாப்பிடும்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நீந்தினால் கை வலிக்கும்போல.

ஜூன் 17, திங்கள்

சாறுக்காரர் போன் செய்து நன்றி சொன்னார். பதினொன்றும் பிரமாதமாம்.

பதினொன்றா?

பலகையை மூன்று தடவை எண்ணினேன். எட்டுக்குத்தான் கட்டம் இருக்கிறது. கணக்கு உதைக்கிறது. யாரோ சிவப்புக் கட்டத்தில் கைவைத்திருக்கிறார்கள். ஐந்து பேரில் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள் ஒருத்திதான். பள்ளியிலும் அப்படி ஒருத்தி இருந்தாள், எல்லாருடைய வகுப்பும் அவள் தலையில்தான் விழும். ஓவியப்பெண்ணைக் கூப்பிட்டேன்.

"மற்ற மூன்றையும் நீதானே வரைந்தாய்?"

"இல்ல மேடம்."

"பொய் சொல்லாதே. எனக்குப் பொய் பிடிக்காது."

"என் கட்டத்துல நான் தூங்கத்தான் செஞ்சேன். நீங்களே பாத்தீங்க."

"சனிக்கிழமை வீட்டில் வரைந்திருப்பாய்."

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாத குரல்தான் அதிகம் கேட்கும் என்பது தெரிந்தவள்தான் நான்.

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மணி நாலு. மருமகள் தன் அறையிலிருந்து வெளியே வரவே இல்லை. வந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஜூன் 18, செவ்வாய்

ஓவியப்பெண் வரவில்லை. "திரும்ப வர்றதைப் பத்தி யோசிக்கணும்" என்று மருமகளுக்கு ஒரு வரிச் செய்தி. அவள் போனால் இந்த அலுவலகத்தில் பாதி போனமாதிரி என்று வாசகக்காரன் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கும்படி சுவரிடம் சொன்னான்.

மருமகள் சாப்பிடவில்லை. "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல அத்தை, தலைவலி." ஏதோ சொல்ல வாயெடுத்தவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

ஜூன் 19, புதன்

துணி துவைக்க எடுத்தபோது நீச்சல் பையையும் திறந்தேன். அடுத்தவர் பையைத் திறக்கிறவள் இல்லை நான். ஈரத் துண்டைப் பத்து நாளாய் உள்ளே வைத்திருக்கிறாளே என்றுதான்.

துண்டு மூன்றாக மடித்திருந்தது. விளிம்பு உள்ளே போகும்படி மூன்றாக மடிப்பது இந்த வீட்டில் நான் மட்டும்தான், பள்ளிக் கன்னியாஸ்திரீகளிடம் கற்றது. எட்டாம் தேதி நான் மடித்து வைத்த மடிப்பு. கலையவே இல்லை. நீச்சல் தொப்பியில் விலைச்சீட்டு தொங்குகிறது. பக்கப் பையில் அலுவலகச் சாவி.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

தன் சொந்த ஆபீசுக்குத் திருடிபோலப் போயிருக்கிறாள். நீச்சலென்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக. சாறுக்காரர் அவளைத் தனியே போனில் பிடித்திருப்பார். ஆபீசுக்கு வரும் வேலையில் பாதி அவர் கொடுப்பது, சரி என்றிருப்பாள். அந்த மூன்றை யாருக்குக் கொடுப்பாள்? எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. மிச்சத்தைச் சிவப்பில் சுற்றி வைத்திருக்கிறேனே நான்.

யாருக்குப் பயந்து பொய் சொன்னாள்? சாறுக்காரருக்கா? எனக்கா? ஏன் என்னிடம் சொல்லல? கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?

தின்றிருப்பேன்.

பலகையை மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஐந்து வரிசை. அவளுக்கு வரிசை இல்லை. ஐந்து பேரிடமிருந்து எடுத்த பாரமெல்லாம் எங்கே போயிற்று என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. பள்ளியிலும் இப்படித்தான். நான் பாடம் எடுத்த வேளைகளுக்குக் கட்டம் உண்டு. அட்டவணை போட்ட வேளைகளுக்குக் கட்டம் கிடையாது. அதைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் போடுவேன். வருடா வருடம் மூன்று வாரம் என் கணவர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். ஒரு தடவைதான் கேட்டார்: "அட்டவணை போடறவங்களுக்கு யாரு போடுவா?" மேசையைத் திருப்பித் தரச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 20, வியாழன்

ஓவியப்பெண்ணுக்கு நேற்றே கடிதம் எழுதி ஆள் மூலம் அனுப்பினேன். இன்று வந்தாள். எல்லாரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வேளையில் அவள் வரிசையில் எழுதியிருந்தேன்: 'பெரிய மிஸ் மன்னிப்புக் கேட்பது.'

எல்லார் முன்னாலும் கேட்டேன். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும்தானே சொன்னேன்.

"ஒரு முழு வேளையா போட்டிருக்கீங்க, மேடம். ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டீங்க."

"மீதியில் தூங்கிக்கொள்."

மூன்றையும் வரைந்தது யார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மருமகள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

ஜூன் 22, சனி

"நாளைக்கு நீச்சலா?"

"ஆமா அத்தை."

"துண்டு எடுத்து வைக்கிறேன்."

எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, துண்டின் உள்மடிப்பில் வைத்தேன். விரித்தால் விழும்.

ஜூன் 23, ஞாயிறு

விழவில்லை. பை திரும்பி வந்தது. மூன்று மடிப்பு. கடிதம் வைத்த இடத்தில் வைத்தபடி.

வெட்கமாக இருக்கிறது. கடிதத்தைத் துண்டுக்குள் ஒளித்து வைத்தால் அது கடிதமா? பொறி. அகப்படுகிறாளா என்று பார்த்திருக்கிறேன். அவள் ஒளித்தாள், நானும் ஒளித்தேன். இரண்டு பேரும் நன்றாகத்தான் குடித்தனம் நடத்துகிறோம்.

ஜூன் 24, திங்கள்

யாரும் வருமுன் போய்ப் பலகையில் வேலையை முடித்தேன். பிறகு மருமகள் மேசைமேல், அவள் கண்ணில் படும்படி, மாற்றச் சீட்டை வைத்தேன். நகல் இங்கே:

"உரிமையாளருக்கு. பலகையில் உனக்கு வரிசை போடாதது என் பிழை. ஆறாவது வரிசையாகப் போட்டிருக்கிறேன். நேற்றும் அதற்கு முந்தைய ஞாயிறுகளும் நீ செய்த வேலையைக் கறுப்பில் குறித்திருக்கிறேன்; என்ன வேலை என்று எழுதவில்லை. துண்டு ஈரமாகவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி இனி பேச்சில்லை.

சாறுக்காரரை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அவருக்காக நீ ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அவர் இனி உன்னை நேரே கூப்பிட்டால், அத்தையிடம் எழுதிக் கொடுங்கள் என்று சொல். பழியை என்மேல் போடு, எனக்குப் பழக்கம்தான். புதன், வெள்ளி மூன்றாம் வேளை உனக்குக் காலி. அப்போது உன் நாற்காலியில் நான் உட்காருவேன். ஏழாவது வரிசை எனக்கு. அதிலும் சிவப்புக் கட்டம் இருக்கிறது.

வரும் ஞாயிறு நீச்சல் குளத்துக்கு நானும் வருகிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. கரையில் நாற்காலி உண்டா என்று போனில் விசாரித்தேன், உண்டாம்.

சம்மதமா இல்லையா என்பதை இதன் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, நாளை முதல் வேளைக்குள் தரவும்."