பெரியம்மா மார்சிலிங் போய்விட்டார்

சேசு மரி சூசை துணை

கிளமெண்டி,
9-6-1985

அன்பு மகள் ஆனிக்கு அப்பா லாசரஸ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மாதா கிருபையால் நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் அம்மாவுக்கு மார்பில் கட்டி இருக்கும்போது அந்த வார்த்தையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீயாவது அந்தக் குளிரில் நலமாக இரு.

உன் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல ஜெபமாலை முடிந்து எல்லாரும் ஹாலில் இருக்கும்போதே சத்தமாக வாசித்தேன், அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஆமினா பீவியும் நின்று கேட்டார். கட்டி ஏன் வந்தது என்று கேட்டதற்கு நீ உன் ஆராய்ச்சியையே எழுதிவிட்டாய். உடம்பில் சில செல்கள் கிழடாகிவிடும், அவை பெருகுவதுமில்லை சாவதுமில்லை, சும்மா உட்கார்ந்துகொண்டு எதையோ கசியவிட்டு அக்கம்பக்கத்தைக் கெடுக்கும், பக்கத்தில் கட்டி இருந்தால் அதற்குத் தோதாகிவிடலாம், இது எங்கள் சந்தேகம்தான், இன்னும் உறுதியில்லை என்று. உறுதியில்லை என்பதை யார் காதில் வாங்கினார்கள். உன் பெரியம்மா எழுந்து உள்ளே போனார். மறுநாள் பூசைக்கு என்று பையோடு கிளம்பியவர் பஸ் ஏறி ஊரின் வடகோடியில் மார்சிலிங்கில் தன் கொழுந்தன் மகன் சிலுவைராஜ் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் போய்க் கூப்பிட்டேன், வர மாட்டேன் என்கிறார். எனக்குப் பிள்ளை குட்டியும் இல்ல, அவரும் போயிட்டாரு, நான் மட்டும் சாகாம உங்க வீட்டில உக்காந்திருக்கேன், ஆனி யாரை எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதா, நான் பக்கத்தில இருந்தா தங்கச்சிக்குக் கட்டி வளரும், படிச்ச பிள்ளை பொய் எழுதுமா என்று அழுகிறார். அது உடம்புக்குள்ளே நடக்கிற சமாசாரம் மதினி என்றேன். உள்ளே எங்கேயிருந்து போச்சு என்று கேட்டார். துறைமுக ஆபீசில் சரக்குக் கணக்குப் பார்த்த மண்டை இது, உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் ஏறவில்லை. கிழட்டுச் செல்லால் கட்டி வருகிறதா, கட்டி வந்ததால் அது கிழடாகிறதா? ஆபரேஷனில் அதையும் எடுத்துவிடுவார்களா? வயதானது எல்லாமே கெடுதல்தானா? பெற்ற தாய்க்கு எழுதும்போது இதையெல்லாம் யோசிக்க மாட்டாயா என்று கோபமும் வருகிறது.

இங்கே அம்மாவோ, அக்கா கூட வராம நான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் லா, டாக்டர்கிட்ட சொல்லிடுங்க என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். இருபத்தைந்தாம் தேதி ஆபரேஷன். தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது ஆனி.

ஆகவே செலவு பார்க்காதே, சிலுவைராஜ் வீட்டுக்குப் போன் போட்டுப் பெரியம்மாவிடம் நீயே பேசு. ஆராய்ச்சி எதுவும் சொல்லாதே, வீட்டுக்கு வாங்க பெரியம்மா என்று மட்டும் சொல். மழையில் நனையாதே, ஞாயிறு பூசையை விடாதே. லூர்து மாதா உன்னைக் காப்பாளாக.

அன்புள்ள அப்பா,
ம. லாசரஸ்

பின்குறிப்பு: பெரியம்மாவைவிட நான் மூன்று வயது மூத்தவன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஹாலில்தான் படுக்கிறேன், என் குறட்டையில் அவள் தூக்கம் கெடும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் அவள் பக்கத்தில் போய் உட்காரலாமா என்று எனக்கும் ஒரு வரி எழுது.